கலிஃபோர்னியாவில் வீடு வாங்கியாச்சு, நிலநடுக்க இன்சூரன்ஸ் எடுக்கணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிவர்மோர் கோயிலில் புளியோதரைக்கு வரிசையில் நிற்கும்போது ஆரம்பிக்கும் பேச்சு இது. "புது வீடா, எந்த ஊரு, எத்தனை ஸ்கொயர் ஃபீட்?" என்று போய், கடைசியில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "பூகம்ப இன்சூரன்ஸ் எடுத்துட்டீங்களா?" என்பார். பத்துப் பேரில் எட்டுப் பேர் சிரித்து மழுப்புவார்கள். நான் ஏஜென்ட் இல்லை. ஃப்ரீமான்ட்டில் 1950களில் கட்டிய ஒரு பழைய வீட்டை வாங்கிவிட்டு, இந்த ஒரு கேள்வியோடு நாலு வருடம் மல்லுக்கட்டியவன். அந்த நாலு வருடத்தில் நான் கேட்ட கேள்விகளும், பிறகு என்னிடம் மற்றவர்கள் கேட்ட கேள்விகளும் இங்கே.

ஹோம் இன்சூரன்ஸ்தான் கட்டுகிறோமே, அதில் நிலநடுக்கம் சேராதா?

சேராது. கலிஃபோர்னியாவில் சாதாரண ஹோம் இன்சூரன்ஸ் எதிலும் நிலநடுக்கத்தால் வரும் சேதத்துக்குப் பணம் கிடையாது. மார்ட்கேஜ் கொடுத்த வங்கியும் பொதுவாக இதை வற்புறுத்துவதில்லை. அதனால் வீடு வாங்கும்போது நூறு தாளில் கையெழுத்துப் போட்டும், இந்த ஒரு விஷயம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

ஆனால் சட்டப்படி, ஹோம் இன்சூரன்ஸ் விற்கும் கம்பெனி நிலநடுக்கப் பாலிசியையும் உங்களுக்குக் கொடுக்க முன்வர வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எழுத்தில் கேட்க வேண்டும். 1980களின் நடுவிலிருந்து இது சட்டம். வீட்டுக்கு வரும் அந்தக் கடிதத்துக்கு 30 நாளுக்குள் பதில் போடாவிட்டால், "வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதாக அர்த்தம். நம்மில் பலர் அதைப் பீட்சா கூப்பனோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருப்போம். அதாவது "வேண்டாம்" என்ற முடிவை எடுத்ததே தெரியாமல் எடுத்திருப்போம்.

ஒரு விதிவிலக்கு உண்டு, தெரிந்துகொள்வது நல்லது. நிலநடுக்கத்தால் கேஸ் குழாய் உடைந்து தீப்பிடித்தால், அந்தத் தீயால் வந்த சேதத்தை உங்கள் வழக்கமான ஹோம் இன்சூரன்ஸ்தான் ஏற்க வேண்டும். 1906-இல் சான் பிரான்சிஸ்கோவை அழித்ததில் அதிர்வைவிடத் தீக்குத்தான் பெரிய பங்கு. எனவே நிலநடுக்கப் பாலிசியை வேண்டாம் என்றாலும், ஹோம் இன்சூரன்ஸில் வீட்டுக்கான தொகையைக் குறைத்துப் போடாதீர்கள்.

சி.இ.ஏ. என்கிறார்களே, அது அரசாங்கமா, கம்பெனியா?

இரண்டும் இல்லாத ஒரு ஜாதி. 1994 ஜனவரி 17, விடியற்காலை 4:31-க்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த்ரிட்ஜில் 6.7 அளவில் ஒரு நிலநடுக்கம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வருடக்கணக்காக வாங்கி வைத்திருந்த நிலநடுக்கப் பிரீமியம் எல்லாம் அந்த ஒரே காலையில் கரைந்து, அதற்கு மேலும் பல மடங்கு கொடுக்க வேண்டி வந்தது. "ஹோம் இன்சூரன்ஸ் விற்றால் இதையும் சேர்த்து விற்கணும் என்றால், எங்களுக்கு ஹோம் இன்சூரன்ஸே வேண்டாம்" என்று கம்பெனிகள் கடையைச் சாத்த ஆரம்பித்தன. வீடு வாங்கவும் விற்கவும் முடியாத நிலை. அதைச் சமாளிக்க 1996-இல் மாநிலச் சட்டமன்றம் உருவாக்கியதுதான் கலிஃபோர்னியா எர்த்க்வேக் அதாரிட்டி, சுருக்கமாக சி.இ.ஏ. நிர்வாகம் அரசு சார்ந்தது, பணம் தனியார் பணம், லாப நோக்கம் கிடையாது.

இதை நேராகப் போய் வாங்க முடியாது. உங்கள் ஹோம் இன்சூரன்ஸ் கம்பெனி சி.இ.ஏ. உறுப்பினராக இருந்தால் அவர்கள் மூலம்தான் வாங்க வேண்டும். எந்த உறுப்பினர் கம்பெனி வழியாகப் போனாலும் அதே வீட்டுக்கு விலை ஒன்றுதான், பேரம் கிடையாது. காட்டுத்தீ பயத்தால் கம்பெனி கைவிட்டு, வேறு வழியில்லாதவர்களுக்கென்று இருக்கும் ஃபேர் பிளானுக்குப் போனவர்களும் சி.இ.ஏ. பாலிசி எடுக்கலாம். இதற்கு வெளியே தனியார் கம்பெனிகளும் நிலநடுக்கப் பாலிசி விற்கின்றன. அங்கே விலையும் விதியும் வேறு வேறு, ஒப்பிட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

"டிடக்டிபிள் ரொம்ப அதிகம், ஒண்ணும் கிடைக்காது" என்கிறார்களே?

இந்தக் கேள்விதான் மொத்த விஷயமும். இதை நிதானமாகப் படியுங்கள், மற்றதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

டிடக்டிபிள் என்பது சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய முதல் பங்கு. கார் இன்சூரன்ஸில் அது 500 டாலர், 1,000 டாலர் என்று இருந்து பழகிவிட்டோம். நிலநடுக்கப் பாலிசியில் அது சதவீதம். 5, 10, 15, 20, 25 என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சதவீதம் சேதத்தில் அல்ல, வீட்டுக்கு நீங்கள் எடுத்திருக்கும் மொத்தக் காப்பீட்டுத் தொகையில். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஒரு கணக்கு. வீட்டைத் திரும்பக் கட்ட 8 லட்சம் டாலர் ஆகும் என்று பாலிசியில் இருக்கிறது, டிடக்டிபிள் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிடக்டிபிள் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர். நிலநடுக்கத்தில் புகைபோக்கி விழுந்து, சுவரெல்லாம் விரிசல் விட்டு, 90 ஆயிரம் டாலர் செலவு வருகிறது. பாலிசியிலிருந்து வருவது பூஜ்ஜியம். 2 லட்சம் டாலர் சேதம் என்றால் 80 ஆயிரம் வரும். அஸ்திவாரத்தை விட்டு வீடு நகர்ந்து 5 லட்சம் டாலர் சேதம் என்றால் 3 லட்சத்து 80 ஆயிரம் வரும்.

"அப்போ எதுக்கு இது?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: விரிசலுக்கு இல்லை, வீடு போனால் என்ன செய்வது என்பதற்கு. ஊரில் ஆயுள் காப்பீடு எடுப்பவர் ஜலதோஷத்துக்கு மாத்திரை வாங்கப் பணம் வருமென்று எதிர்பார்ப்பதில்லை. அதே மாதிரி. 50 ஆயிரம், 1 லட்சம் டாலர் செலவு கையைக் கடிக்கும், ஆனால் கடன் வாங்கியாவது மீண்டுவிடலாம். 5 லட்சம் போனால் பிள்ளையின் காலேஜ் பணம், ரிட்டயர்மென்ட் சேமிப்பு எல்லாம் சேர்ந்து போகும். பாலிசி காப்பது அந்த இரண்டாவதை.

இன்னொரு தவறான நம்பிக்கை: டிடக்டிபிள் பணத்தைக் கையிலிருந்து முதலில் கட்டினால்தான் க்ளெய்ம் பணம் கொடுப்பார்கள் என்பது. அப்படி இல்லை. வர வேண்டிய தொகையில் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

திரும்பக் கட்டும் தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டிய வீடுகளுக்கும், 1980-க்கு முன் கட்டி அஸ்திவாரம் பலப்படுத்தாத வீடுகளுக்கும் சி.இ.ஏ.வில் 5, 10 சதவீதம் கிடைக்காது. 15-இலிருந்துதான் ஆரம்பம்.

வீடு தவிர வேறு என்ன கிடைக்கும்?

டிடக்டிபிளைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: வீட்டில் குடியிருக்க முடியாமல் போனால் வெளியே தங்கும் செலவு. வாடகை, ஹோட்டல் எல்லாம் இதில் வரும். இதற்கு டிடக்டிபிள் கிடையாது. 1,500 டாலரில் ஆரம்பித்து 1 லட்சம் டாலர் வரை எடுக்கலாம். நிலநடுக்கத்துக்கு மறு மாதம் பே ஏரியாவில், அதாவது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிய ஊர்களில், வாடகை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு மார்ட்கேஜ், தங்க வாடகை என்று இரட்டைச் செலவு. எனக்கு இந்தப் பாலிசியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதைக் குறைவாக எடுப்பது காசை மிச்சம் பிடிப்பதாகத் தெரியவில்லை.

பொருள்களுக்குத் தனித் தொகை உண்டு. இங்கே ஒரு நுணுக்கம். சி.இ.ஏ.வின் சாதாரணப் பாலிசியில், வீட்டுச் சேதம் டிடக்டிபிளைத் தாண்டினால்தான் பொருள்களுக்கும் பணம். 'சாய்ஸ்' என்ற இன்னொரு வகையில் வீட்டுக்கும் பொருளுக்கும் தனித்தனி டிடக்டிபிள். சுவருக்கு ஒன்றும் ஆகாமல் டிவியும் ஃபிரிட்ஜும் கவிழ்ந்தால் இதில் வாய்ப்பு உண்டு.

கண்ணாடி, பீங்கான் போன்ற உடையும் சாமான்களுக்குத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கொலுப் பெட்டி. பாட்டி காலத்து மண் தசாவதாரம், காஞ்சிபுரத்திலிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்த கல்யாண செட். அதற்கெல்லாம் இன்சூரன்ஸை நம்பாமல், ஒன்பது நாளும் ஒவ்வொரு பொம்மைக்கு அடியிலும் மியூசியம் புட்டி என்ற மெழுகு மாதிரி ஒட்டும் சாமானை உருட்டி வைத்துவிடுகிறோம். பத்து டாலர். முதல் வருடம் வந்த மாமிகள் சிரித்தார்கள். மறு வருடம் அவர்களே எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

கிடைக்காதவை: நிலம், நீச்சல்குளம், வேலி, டிரைவ்வே. கார் சேதம் காரின் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வரும். சுனாமி, வெள்ளம் என்றால் அதற்கு வெள்ளக் காப்பீடு வேண்டும்.

நிஜமாகவே வருமா? நாற்பது வருடமாக இதே பல்லவிதானே?

பே ஏரியாவில் 2014-இலிருந்து 2043-க்குள் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஒன்றாவது வர 72 சதவீதம் வாய்ப்பு என்று அமெரிக்க நிலவியல் துறை கணித்திருக்கிறது. அங்கே ஓடும் ஹேவர்ட் என்ற நிலப்பிளவுக்கு மட்டும் 33 சதவீதம். அந்தப் பிளவு கடைசியாகப் பெரிதாக அதிர்ந்தது 1868 அக்டோபரில். அதற்கு முந்தைய பெரிய அதிர்வுகளின் இடைவெளி சராசரியாக 150 வருடத்தை ஒட்டி. கணக்கைப் போட்டுப் பாருங்கள், தவணை தாண்டிவிட்டது.

ஆனால் இந்த 72-ஐப் பிடித்துக்கொண்டு பதறுவதும் தவறு. அது வளைகுடா முழுவதிலும் எங்காவது ஒரு இடத்தில் வருவதற்கான வாய்ப்பு. உங்கள் தெருவில், உங்கள் வீட்டில், டிடக்டிபிளைத் தாண்டும் அளவுக்குச் சேதம் வருவதற்கான வாய்ப்பு அதைவிட வெகு குறைவு. விற்கிறவர்கள் முதல் எண்ணை மட்டும் சொல்வார்கள். வேண்டாம் என்கிறவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள்.

எனக்கு எண்களைவிட ஒரு நடைபாதை அதிகம் சொன்னது. ஹேவர்ட் ஊரில் பிளவு போகும் தெருக்களில் நடந்தால், நேராகப் போக வேண்டிய சிமென்ட் ஓரக்கல் ஒரு இடத்தில் சட்டென்று விலகி, ஒரு பாதி அந்தப் பக்கம், ஒரு பாதி இந்தப் பக்கம் என்று நிற்கும். நிலநடுக்கம் இல்லாமலே, வருடத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வீதம் நிலம் நகர்ந்துகொண்டே இருப்பதால் வந்தது. நகராட்சி பூசிப் பூசிப் பார்க்கிறது. என் பையன் அந்த இடைவெளியில் தன் ஷூவை வைத்துப் பார்த்தான், கட்டைவிரல் பக்கம் முழுதும் உள்ளே போனது.

என் வீடு தாங்குமா, தாங்காதா? எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று விஷயம் பாருங்கள்: கட்டிய வருடம், அஸ்திவாரம், மண்.

1980-க்குப் பிறகு கான்கிரீட் தளத்தின் மேல் நேராகக் கட்டிய மரச்சட்ட வீடு பொதுவாக நன்றாகத் தாங்கும். ஒன்றிரண்டு மாடி மரவீடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதுதான் அதன் பலம். ஊரில் செங்கல் வீட்டில் வளர்ந்த நமக்கு "அட்டை வீடு" என்று இளக்காரம் உண்டு. நிலம் ஆடும்போது கதை தலைகீழ். பயப்பட வேண்டியது பழைய வீடுகளுக்கு, அதிலும் தரைக்குக் கீழே தவழ்ந்து போகும் இடம், அதாவது கிரால் ஸ்பேஸ் உள்ளவற்றுக்கு. இவற்றில் வீடு ஒரு குட்டைச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும், அந்தக் குட்டைச் சுவர் கான்கிரீட்டின் மேல். மூன்றையும் எதுவும் சேர்த்துப் பிடித்திருக்காது, சும்மா பாரத்தில் நிற்கும். அதிர்ந்தால் குட்டைச் சுவர் மடங்கி, வீடு பக்கவாட்டில் இறங்கிவிடும். கீழே கராஜ், மேலே படுக்கையறை என்றிருக்கும் வீடுகளுக்கும் இதே மாதிரி பலவீனம் உண்டு.

வாங்கும்போது வந்த இன்ஸ்பெக்டர் எங்கள் கிரால் ஸ்பேஸைக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்ததோடு சரி, "நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டார். ஒரு வருடம் கழித்து நானே பழைய பேன்ட் போட்டுக்கொண்டு, முழங்கையால் ஊர்ந்து உள்ளே போனேன். ஒட்டடை, எலிப்புழுக்கை, யாரோ 1970களில் விட்டுப்போன ஒரு சோடா டின். கான்கிரீட்டின் மேல் படுத்திருக்கும் மரச்சட்டத்தில் நட்டும் போல்ட்டும் தெரிய வேண்டும். நாற்பது அடிக்கு ஊர்ந்தும் ஒன்றுகூட இல்லை. வெளியே வந்து குளித்துவிட்டுக் கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன்.

அந்த வேலைக்கு ரெட்ரோஃபிட் என்று பெயர். மரச்சட்டத்தைக் கான்கிரீட்டோடு போல்ட் போட்டு முடுக்கி, குட்டைச் சுவருக்கு உள்பக்கம் ப்ளைவுட் அறைவார்கள். சாதாரண வீட்டுக்குச் சில ஆயிரம் டாலரில் முடியும், இரண்டு மூன்று நாள் வேலை. 'எர்த்க்வேக் பிரேஸ் ப்ளஸ் போல்ட்' என்ற திட்டத்தில் தகுதியுள்ள வீடுகளுக்கு 3,000 டாலர் வரை மானியம் உண்டு. ஆனால் உங்கள் ஸிப் கோட் பட்டியலில் இருக்க வேண்டும், பதிவு திறந்திருக்கும் நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பேர் தேர்வாகும்வரை வேலையை ஆரம்பிக்கக் கூடாது. செய்து முடித்த பழைய வீட்டுக்கு சி.இ.ஏ. பிரீமியத்தில் 25 சதவீதம் வரை தள்ளுபடியும் தருகிறது.

பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் நான் சண்டை போட்டாவது சொல்வது: முதலில் போல்ட், பிறகு பாலிசி. வீடு நகர்ந்தபின் வரும் பணத்தைவிட, நகராமல் நிற்கும் வீடு உத்தமம்.

மண்ணைப் பற்றி: வளைகுடாவை நிரப்பி உண்டாக்கிய நிலத்திலும், ஆற்று ஓரத்து ஈர மணலிலும், அதிர்வில் மண் கூழ் மாதிரி குழைந்துவிடும். 1989 அக்டோபர் 17-இல் லோமா ப்ரீட்டா நிலநடுக்கத்தின் மையம் சான்டா குரூஸ் மலைப்பக்கம். ஆனால் பல மைல் தள்ளி இருக்கும் சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதியில் வீடுகள் சரிந்தன, அங்கே நிலமே நிரப்பிய நிலம். உங்கள் இடம் எப்படி என்று கண்டுபிடிக்கப் பணம் செலவழிக்க வேண்டாம். வீடு வாங்கும்போது கொடுத்த இயற்கை ஆபத்து அறிக்கையிலேயே மண் குழையும் பகுதியா, பிளவுப் பகுதியா என்று 'ஆம்', 'இல்லை' என டிக் அடித்திருப்பார்கள். நூறு தாளில் அது ஒன்று. தேடிப் பாருங்கள்.

பிரீமியம் எவ்வளவு வரும்?

ஸிப் கோட், கட்டிய வருடம், அஸ்திவார வகை, மாடி, கூரை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் டிடக்டிபிள் எல்லாம் சேர்ந்து முடிவாகும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் தொகை உங்களுக்குப் பொருந்தாது. சி.இ.ஏ. இணையதளத்தில் கணக்கிடும் பக்கம் இருக்கிறது, ஐந்து நிமிடம். 5 சதவீத டிடக்டிபிளையும் 15-ஐயும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணைத் திறக்கும்.

வீடு 16 லட்சம் டாலர். அவ்வளவுக்கும் இன்சூரன்ஸ் வேண்டாமா?

வேண்டாம், கிடைக்கவும் கிடைக்காது. பே ஏரியாவில் நீங்கள் கொடுத்த விலையில் பாதிக்கு மேல் பல இடங்களில் மண்ணுக்கு. வீடு தரைமட்டமானாலும் மண் அங்கேயேதான் இருக்கும். பாலிசி பார்ப்பது திரும்பக் கட்டும் செலவை மட்டும், அது உங்கள் ஹோம் இன்சூரன்ஸில் இருக்கும் அதே தொகை. அந்தத் தொகை பழைய விலையில் நின்றுபோயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பழைய வீட்டை இன்றைய கட்டட விதிப்படி கட்டக் கூடுதல் செலவாகும், அதற்கென்று இருக்கும் கூடுதல் பாதுகாப்பையும் கேட்டு வாங்குங்கள்.

பெரிய பூகம்பம் வந்தால் அரசாங்கம் கொடுக்காதா?

கொடுக்கும், ஆனால் வீடு கட்டும் அளவுக்கு இல்லை. மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா தரும் வீட்டு உதவியின் உச்ச வரம்பே 40 ஆயிரம் டாலரைச் சற்றுத் தாண்டும் அளவில்தான், பெரும்பாலோருக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். எஸ்.பி.ஏ. என்ற இன்னொரு மத்திய அரசு அமைப்பு மூலம் வீட்டுச் சேதத்துக்கு 5 லட்சம் டாலர் வரை வாங்கலாம், ஆனால் அது கடன். இருக்கிற மார்ட்கேஜின் தலையில் இன்னொரு மார்ட்கேஜ்.

வீடு போனால் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாமே?

நண்பர்கள் கூட்டத்தில் யாராவது ஒரு கெட்டிக்காரர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். ஓரளவு உண்மையும் கூட. கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் வீட்டை வாங்க எடுத்த முதல் கடனுக்கு, வீட்டை எடுத்துக்கொள்வதற்கு மேல் வங்கி உங்களைத் துரத்த முடியாது. ஆனால் இடையில் ரீஃபைனான்ஸ் செய்து கையில் பணம் எடுத்தவர்களுக்கும், வீட்டை வைத்துத் தனிக்கடன் வாங்கியவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. அவர்கள் வக்கீலைக் கேட்க வேண்டும்.

அதைவிட, கணக்கே ஒத்துவராது. 2012-இல் வாங்கி, பாதிக்கு மேல் கடன் அடைத்து, 3 சதவீத வட்டியில் உட்கார்ந்திருப்பவரின் வெறும் மனையே மிச்சக் கடனைவிட அதிகம் பெறும். அதை யார் வங்கிக்குத் தாரைவார்ப்பார்கள்? போன வருடம் குறைந்த டவுன் பேமென்ட்டில் வாங்கியவர் நிலைமை வேறு, அவர் போட்ட பணம் குறைவு, இழப்பதும் குறைவு. வீட்டில் உங்கள் சொந்தப் பணம் எவ்வளவு சிக்கியிருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்தப் பாலிசிக்கு அர்த்தம் கூடுகிறது.

எல்லோருக்கும் ஒரே நாளில் சேதம் வந்தால், சி.இ.ஏ.விடம் பணம் இருக்குமா?

சுமார் 2,000 கோடி டாலர் வரை க்ளெய்ம் கொடுக்கும் வசதி வைத்திருக்கிறது, அதில் ஒரு பெரிய பங்கு மறுகாப்பீடு, அதாவது சி.இ.ஏ. தனக்கென்று வேறு கம்பெனிகளிடம் வாங்கி வைத்திருக்கும் இன்சூரன்ஸ். அதையும் தாண்டும் பேரழிவு என்றால், எல்லோருக்கும் விகிதப்படி குறைத்தோ தவணையிலோ கொடுக்க வழி இருக்கிறது. மாநில அரசு பின்னால் நின்று மிச்சத்தைக் கட்டாது. இது பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. என் பார்வையில் இது வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம் இல்லை. ஆனால் விற்கிறவர் வாயிலிருந்து தானாக வராது என்பதால் சொல்கிறேன்.

கான்டோ, டவுன்ஹவுஸ், வாடகை வீடு என்றால்?

கான்டோக்காரர்கள், அதாவது அடுக்குமாடியில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள், முதலில் ஹெச்.ஓ.ஏ. என்ற வீட்டுக்காரர்கள் சங்கத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மொத்தக் கட்டடத்துக்கும் எடுத்திருக்கும் மாஸ்டர் பாலிசியில் நிலநடுக்கம் இருக்கிறதா?" பல இடங்களில் பதில் "இல்லை." அப்படியானால் கட்டடம் பழுதுபார்க்கும் செலவை எல்லா வீட்டுக்காரர் தலையிலும் பங்கு போடுவார்கள். அந்தப் பங்குக்கு உதவும் பகுதி கான்டோ பாலிசியில் உண்டு, அதைச் சேர்க்காமல் வாங்குவது வீண். வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சுவரைப் பற்றிக் கவலை இல்லை. பொருள், வெளியே தங்கும் செலவு மட்டும்தான், அதனால் விலையும் குறைவு.

சரி, யார் எடுக்கணும், யார் விடலாம்? நேராகச் சொல்லுங்கள்.

சேமிப்பு முழுக்க வீட்டிலேயே இருக்கிறது, வீடு பழசு அல்லது மண் சரியில்லை, பிள்ளைகள் காலேஜ் வயசு, வேலை போனால் விசா போகும் என்ற நிலை: எடுங்கள், 15 அல்லது 20 சதவீதம் போதும். பல லட்சம் டாலர் வீட்டுக்கு வெளியே இருக்கிறது, வீடு புதுசு, நல்ல மண்: விட்டாலும் தவறில்லை, நீங்களே உங்களுக்கு இன்சூரன்ஸ். இப்போதுதான் வாங்கினேன், கையில் ஒன்றும் இல்லை, பழைய வீடு: இந்த வருடம் போல்ட்டுக்குப் பணம் சேருங்கள். மலையடிவாரத்தில் பிளவுக்கோட்டின் மேலேயே வீடு என்றால், என்னைக் கேட்காமலே உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் என்ன செய்தீர்கள்?

முதல் வருடம் கடிதத்தைக் குப்பையில் போட்டேன். இரண்டாம் வருடம் ரெட்ரோஃபிட். நாலாம் வருடம் பாலிசி எடுத்தேன்: 15 சதவீத டிடக்டிபிள், வெளியே தங்கும் செலவுக்கு அதிகத் தொகை, பொருள்களுக்குக் குறைவு. ஒவ்வொரு வருடமும் ரினியூவல் வரும்போது "இந்தக் காசுக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் போடலாமே" என்று தோன்றுகிறது. தோன்றிவிட்டுப் போகட்டும் என்று கட்டிவிடுகிறேன்.

கொஞ்சம் ஆட ஆரம்பித்ததும் எடுத்துக்கொள்ளலாமா?

பெரிய அதிர்வு வந்ததும் கம்பெனிகள் புதுப் பாலிசியைச் சில காலம் நிறுத்திவைப்பது வழக்கம். வாசலில் வெள்ளம் வந்தபின் மணல் மூட்டை தேடுகிற கதைதான்.

சென்னையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு?

அங்கே கதை வேறு, நல்ல விதத்தில். இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொடுக்க வேண்டும். அதில் தீ, புயல், வெள்ளத்தோடு நிலநடுக்கமும் உள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம். கட்டடத்துக்கு எடுத்தால் பொருள்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை தானாகச் சேரும். அங்கேயும் கட்டும் செலவுதான் கணக்கு, மனை விலை இல்லை.

"சென்னையில் பூகம்பமா?" என்று அப்பா சிரிப்பார். 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த 5.5 அதிர்வில் சென்னை ஆடியது. அதற்கு அடுத்த வருடம் வந்த கட்டட விதியில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். ஆனாலும் அவரிடம் நிலநடுக்கத்தைச் சொல்லி வாங்க வைக்க முடியாது. 2015 டிசம்பரைச் சொல்லுங்கள். வெள்ளத்துக்காக எடுப்பார், நிலநடுக்கம் கூடவே வந்துவிடும்.

பாலிசி எடுத்தாச்சு. அடுத்து?

போனை எடுத்து ஒவ்வொரு அறையாக வீடியோ எடுங்கள், அலமாரியைத் திறந்து, கிரைண்டர், பட்டுப்புடவை, லேப்டாப் எல்லாம் தெரியும்படி. வீட்டிலேயே வைக்காமல் கிளவுடில் போடுங்கள். வாட்டர் ஹீட்டரைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதா பாருங்கள், இங்கே அது சட்டமே. உயரமான புத்தக அலமாரியையும் பூஜை அலமாரியையும் சுவரோடு திருகுங்கள். மைஷேக் என்ற நிலநடுக்க எச்சரிக்கை ஆப்பை எல்லோர் போனிலும் ஏற்றுங்கள், ஆட்டத்துக்குச் சில நொடி முன்னால் கத்தும், மேஜைக்கு அடியில் போக அது போதும்.

கேஸ் மீட்டர் பக்கத்தில் ஒரு ஸ்பேனரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, வால்வை எப்படிக் கால்வட்டம் திருப்புவது என்று வீட்டில் எல்லோருக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாருக்கும் காட்டுங்கள். கேஸ் வாடை வந்தால், அல்லது கசியும் சத்தம் கேட்டால் மட்டும் மூட வேண்டும். ஒரு தடவை மூடிவிட்டால் நீங்களாகத் திறக்கக் கூடாது, கேஸ் கம்பெனி ஆள் வந்துதான் திறக்க வேண்டும். ஊரே அவர்களைக் கூப்பிடும் நேரம் அது, பல நாள் ஆகலாம். அதுவரை காபிக்கு ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் வாங்கி வையுங்கள், கரன்ட் இருந்தால்.